கழற்றி வைத்த முன் பிரேக்

மில் சங்கு ஊதி ஓய்ந்த நேரம். விக்கிரமசிங்கபுரத்தில் அந்தச் சங்குக்குப் பிறகு சிறிது நேரம் ரோடு சைக்கிள்காரர்களுக்குச் சொந்தம். அங்கே மேயும் ஆடுகளுக்குக்கூட இது தெரியும். எனக்குத் தெரியாது. திருநெல்வேலியிலிருந்து புது மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்த மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி நான். கழுத்தில் டை, டேங்கின் மேல் தோல் பை, நாலு மணிக்குள் பார்த்தாக வேண்டிய ஒரு டாக்டர்.

மில் வாசலிலிருந்து சைக்கிள்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லார் தலைமுடியிலும் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. இருபத்தைந்து வயதுக்காரர்களும் நரைத்தவர்கள்போல இருந்தார்கள். அதில் ஒருவர், ஹாண்டிலில் தூக்குவாளி தொங்க, கையும் காட்டாமல் மணியும் அடிக்காமல் எனக்குக் குறுக்கே டீக்கடைப் பக்கம் திரும்பினார்.

வலது காலால் பின் பிரேக்கை ஏறி மிதித்தேன். உடம்பின் மொத்த பாரத்தையும் அந்தக் காலில் வைத்தேன். பின் சக்கரம் உடனே நின்றுவிட்டது. வண்டி நிற்கவில்லை.

இப்படி ஒன்று நடக்கும் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. சக்கரம் நின்றால் வண்டி நிற்கும் என்றுதான் நினைத்திருந்தேன். பின் பக்கம் வழுக்கிக்கொண்டு இடது புறமாக என்னை முந்தப் பார்த்தது. அடுத்து நான் ரோட்டில் கிடந்தேன். வண்டி படுத்தபடியே தேய்த்துக்கொண்டு போய் அந்த மனிதரின் சைக்கிளைத் தட்டிச் சாய்த்தது. தூக்குவாளியின் மூடி மட்டும் தனியாக உருண்டு, நடு ரோட்டில் வட்டம் போட்டு, நேரம் எடுத்துக்கொண்டு அடங்கியது. ரப்பர் கருகிய நாற்றமும் மீன் குழம்பு வாசமும் கலந்து வந்தன.

எழுந்ததும் நான் செய்த முதல் காரியத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இந்தத் தொடரில் என் பெருமைகளை நிறைய எழுதிவிட்டேன். இதையும் எழுத வேண்டியதுதான். முழங்கை உரிந்து ரத்தம் வந்துகொண்டிருக்கும்போதே, கை காட்டாமல் திரும்பினால் என்ன அர்த்தம் என்று அவரிடம் சண்டைக்குப் போனேன்.

அவர் இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, தூக்கி நிறுத்தப்பட்ட என் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். வலது கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் பிரேக் லீவரில் என் சாப்பாட்டுப் பை தொங்கியது. பையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு லீவரை அழுத்தினார். அது லொடலொடவென்று ஆடியது.

"இதுக்குக் கம்பி எங்கவே?"

"கழட்டி வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"விழுந்துரக் கூடாதுன்னுதான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"எங்க மிஷின்ல பிரேக்கக் கழட்டி வச்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாக. நீரு கழட்டிப் போட்டுட்டு ரோட்டுல வாரீரு" என்றார்.

அவர் பெயர் இசக்கி. நூற்புப் பிரிவில் வேலை. மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. அன்று அவர் திட்டியிருந்தால் நானும் திட்டிவிட்டு மறந்திருப்பேன். சும்மா கேட்டுவிட்டுப் போனதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

பை மாட்டும் கொக்கி

இந்த இடத்தில் என் குடும்ப வரலாறு கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் சைவ வேளாளக் குடும்பத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கிய முதல் ஆள் நான். அதற்கு முன்பு எங்கள் வீட்டின் அதிகபட்ச வேகம் சைக்கிள். அந்தச் சைக்கிளிலும் முன் பிரேக் கிடையாது.

காரணம் என் சித்தப்பா. கல்யாணமான புதிதில் ஆற்றுப் பாலத்து இறக்கத்தில் வேகமாக வந்தவர், எதிரே மாட்டு வண்டியைக் கண்டதும் முன் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்திருக்கிறார். சைக்கிள் அவரைத் தலைக்கு மேலே தூக்கி எறிந்தது. முன் பற்கள் இரண்டு போயின. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முன் பிரேக் என்பது பல் பிடுங்கும் சாமான். வீட்டுக்கு எந்தச் சைக்கிள் வந்தாலும் முதல் வேலையாக அதன் முன் பிரேக் கட்டைகளைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிடுவார்கள்.

எங்கள் வீடு மட்டும் என்று எண்ண வேண்டாம். வாடகை சைக்கிள் கடைகளில்கூட முன் பிரேக் இருக்காது. பின் பிரேக்கும் பிடிக்காவிட்டால் செருப்பைத் தரையில் தேய்த்து நிறுத்துவோம். என் பள்ளிக்கூட நாட்களில் வலது செருப்பு எப்போதும் இடது செருப்பைவிட மெலிந்திருக்கும். அதற்காக அம்மாவிடம் வாங்கிய வசவுகளைத் தனி அத்தியாயமாக எழுதலாம்.

ஆகவே வேலை கிடைத்து மோட்டார் சைக்கிள் வாங்கியதும், நேரே மேலப்பாளையத்தில் காதர் பாயின் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். வண்டியைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "முன் கம்பியக் கழட்டிரட்டுமா அண்ணாச்சி?" என்பதுதான். புது வண்டிக்கு எண்ணெய் மாற்றுவதுபோல அதையும் ஒரு வழக்கமாக வைத்திருந்தார். நான் தலையாட்டுவதற்குள் கழற்றியே விட்டார்.

காதர் பாய் நேர்மையான மனிதர். கழற்றிய கம்பியைச் சுருட்டி, பெயர் எழுதிய காகிதத்தை நூலால் கட்டி, ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். வண்டியை விற்கும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அந்த டின்னில் அப்போதே ஏழெட்டுக் கம்பிகள் சுருண்டு கிடந்தன. ஒரு வாத்தியார், ஒரு பத்திர எழுத்தர், ஒரு பால் சொசைட்டிக்காரர். பெரிய மனிதர்களின் கூட்டத்தில் நானும் சேர்ந்துவிட்டதாக எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கம்பி இல்லாத லீவர் வீணாகவும் போகவில்லை. வெள்ளிக்கிழமை எலுமிச்சையும் மிளகாயும் கோத்த கயிறு அதில்தான் தொங்கும். மற்ற நாட்களில் சாப்பாட்டுப் பை, காய்கறிப் பை. எங்கள் ஊரில் பாதி வண்டிகளில் முன் பிரேக் என்பது பை மாட்டும் கொக்கி.

மதுரையிலிருந்து ஒரு கடிதம்

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியின் வேலையை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. காலையிலிருந்து டாக்டர் டாக்டராகப் போய், நோயாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கூப்பிட்டதும் உள்ளே போய் எங்கள் மாத்திரைகளின் அருமை பெருமைகளைச் சொல்ல வேண்டும். எனக்குக் கொடுத்திருந்த பகுதி திருநெல்வேலியில் தொடங்கி, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் வரை. வண்டி ஓட்டாமல் அந்தப் பகுதியைப் பார்க்கவே முடியாது. முதல் ஆறு மாதம் தற்காலிகம். அதன் முடிவில் மேலாளர் வந்து ஒரு நாள் முழுக்க நம் வண்டியின் பின்னால் உட்கார்ந்து நம்மோடு சுற்றுவார். அவர் எழுதும் அறிக்கையைப் பொறுத்து வேலை நிரந்தரமாகும், இல்லையென்றால் போகும்.

விழுந்த மறுநாள் வண்டியை எடுக்க உட்கார்ந்தேன். தெரு முனையில் ஒரு கோழி குறுக்கே ஓடியது. அவ்வளவுதான், அதற்கு மேல் ஓட்ட முடியவில்லை. வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து வீட்டு முற்றத்தில் நிறுத்தி, மேலே ஒரு பழைய போர்வையைப் போர்த்தினேன். அந்த வாரம் முழுவதும் பஸ்ஸில் போனேன். அம்பாசமுத்திரத்து டாக்டரைப் பிடித்தால் பாபநாசத்து டாக்டர் கிளம்பிவிடுவார். பாதிப் பேரைப் பார்க்காமலே பார்த்ததாக எழுதினேன்.

அந்தப் பொய் எத்தனை நாள் தாங்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் மதுரை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மேலாளர் கல்யாணசுந்தரம் மூன்று வாரத்தில் வருகிறார். பாபநாசம் வரை என்னோடு வண்டியில் வருவார்.

எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். இந்த வேலையை நம்பித்தான் பெண் கொடுத்தார்கள். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் திரிந்தேன். மூன்றாம் நாள் சட்டையைத் துவைக்க எடுத்தவள் அதைப் படித்துவிட்டாள்.

எந்தக் கால்?

என் மனைவி செண்பகம் இந்தத் தொடரில் இதுவரை வந்ததில்லை. அதில் அவளுக்கு ஒரு மனக்குறை உண்டு. பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் அறிவியல் ஆசிரியை. எதையும் கேள்வியாகக் கேட்டுத்தான் ஆரம்பிப்பாள். வீட்டில் உப்பு இல்லை என்றால்கூட, "டப்பாவில என்ன இருக்குன்னு நினைக்கீங்க?" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

அன்றும் அப்படித்தான். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"டவுன் பஸ்ஸுல முன்னால பாத்து நின்னுக்கிட்டு வாரீங்க. டிரைவர் திடீர்னு பிரேக் போடுதாரு. எந்தக் கால் உங்களைத் தாங்குது?"

எனக்கு வேலை போகப் போகிறது, இவள் பஸ்ஸில் ஏறுகிறாளே என்று கோபம் வந்தது. அறியாதவன்போல், தெரியாது என்றேன். அவள் விடவில்லை. எழுந்து நின்று, ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் வைத்து, முன்பக்கமாகச் சாய்ந்து காட்டினாள். முன் கால் அழுந்தியது. பின் காலின் குதி தரையை விட்டுக் கிளம்பியது.

"வண்டிக்கும் அப்படித்தான். பிரேக் போட்டதும் பாரமெல்லாம் முன் சக்கரத்துக்குப் போயிருது. பின் சக்கரம் லேசாயிருது. லேசா இருக்கத இறுக்கிப் பிடிச்சா அது வழுக்காம என்ன செய்யும்?"

சித்தப்பாவின் பற்களை அவளுக்கு நினைவூட்டினேன். அவர் முன் பிரேக்கைப் பிடித்ததால் விழவில்லை, வெடுக்கென்று பிடித்ததால் விழுந்தார் என்றாள். பார்க்காத விபத்தைப் பற்றி அவள் தீர்ப்புச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. வண்டி ஓட்டத் தெரியாதவள் வண்டி ஓட்டுகிறவனுக்குப் பாடம் நடத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சரி, அப்படியானால் ஓட்டுகிறவர் ஏன் பஸ்ஸில் போகிறார் என்று கேட்டாள்.

அந்தச் சனிக்கிழமை இசக்கியைப் பார்க்க விக்கிரமசிங்கபுரம் போனேன். மில் குடியிருப்பில் ஒரு சிறு வீடு. மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், கேட்கவும் செய்தேன். அவரும் கை காட்டாமல் திரும்பியது தன் தப்பு என்றார். பிறகு தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, வண்டி எங்கே என்று கேட்டார். பஸ்ஸில் வந்தேன் என்றேன்.

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"விழுந்தது நான். கை ஒடிஞ்சது எனக்கு. நீரு எதுக்குவே பஸ்ஸுல வாரீரு? அந்தக் கம்பிய மாட்டிட்டு, வண்டியில வந்து எங்கிட்டக் காட்டும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை. கல்லிடைக்குறிச்சி தாண்டி டிரைவர் ஒரு எருமைக்காகப் பிரேக் போட்டார். முன் கால் அழுந்தியது, பின் குதி கிளம்பியது. செண்பகம் சொன்னது சரிதான் என்று அந்த இடத்தில் ஒப்புக்கொண்டேன். வீட்டில் ஒப்புக்கொள்ள இன்னும் ஒரு நாள் ஆயிற்று.

மஞ்சள் மனைக்கற்கள்

காதர் பாய் டின்னைக் கவிழ்த்து என் பெயர்ச் சீட்டைத் தேடி எடுத்தார். அவர் முகத்தில் வருத்தம். புதிதாக ஓட்டுகிறவர்கள் பதறினால் கையில் கிடைத்ததை இறுக்கிப் பிடித்துவிடுகிறார்கள், அதனால்தான் கழற்றிக் கொடுக்கிறேன் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. கூட வந்திருந்த செண்பகம், பதறாமல் பிடிக்கப் பழகினால் போதாதா பாய் என்று கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, பழக்கிவிட யாரம்மா இருக்கிறார்கள் என்றார்.

யாரும் இல்லைதான். அந்தக் காலத்தில் எட்டுப் போட்டுக் காட்டினால் லைசென்ஸ். வண்டியைக் கிளப்பவும் திருப்பவும் எல்லாரும் சொல்லிக் கொடுப்பார்கள். நிறுத்துவது தானாக வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

பாளையங்கோட்டைக்கு வெளியே அப்போதுதான் நிலங்களை மனை மனையாகப் பிரித்து விற்கத் தொடங்கியிருந்தார்கள். வீடு ஒன்றுகூட எழும்பவில்லை. நடுவில் நேராக ஒரு தார் ரோடு, இரண்டு பக்கமும் மஞ்சள் பூசிய மனைக்கற்கள். விடிந்ததும் இருவரும் அங்கே போய்விடுவோம். நான் வண்டியில், அவள் பின்னால் சைக்கிளில். வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நிறுத்தத் தெரிந்ததும் ஏறுகிறேன் என்றாள்.

முதல் நாளே விழுந்தேன். மெதுவாகத்தான் வந்தேன். அடையாளம் வைத்த மனைக்கல்லைத் தாண்டியதும் திரும்பிக்கொண்டே முன் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்தேன். அங்கே கொஞ்சம் மணல் கிடந்தது. முன் சக்கரம் வழுக்கி, வண்டி என்மேல் சாய்ந்தது. அடி படவில்லை, மானம்தான் போயிற்று. சித்தப்பா வாழ்க என்று கத்தினேன். இதற்குத்தான் எங்கள் வீட்டில் கழற்றி வைத்தார்கள் என்றேன். கம்பியைப் பிடுங்கி எறியப் போனேன்.

அவள் வந்து வண்டியைத் தூக்க ஒரு கை கொடுத்தாள். பிறகு மணலில் சக்கரம் போட்ட கோட்டைக் காட்டினாள். கோடு வளைந்திருந்தது.

"திரும்பிக்கிட்டிருக்கும்போது பிடிச்சிட்டீங்க. நேரா வந்து நேராப் பிடிங்க. பைய."

அந்தப் 'பைய' என்ற சொல்லில்தான் எல்லாம் இருந்தது. அதைக் கற்க எனக்குப் பத்து நாளாயிற்று. லீவரைப் பறிக்கக் கூடாது, ஈரத் துணியைப் பிழிவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். முதல் அழுத்தத்தில் பாரம் முன்னால் வந்து முன் சக்கரம் தரையை நன்றாகப் பற்றும். அதன் பிறகு இன்னும் இறுக்கலாம். அதே நேரத்தில் காலும் பின் பிரேக்கை அளவாக மிதிக்க வேண்டும். சக்கரம் வழுக்குகிறது என்று தெரிந்தால், பிடியை ஒரு நொடி தளர்த்தி மறுபடியும் பிடிக்க வேண்டும். வளைவு வருகிறதென்றால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். மணலிலும் ஈரத்திலும் ரோட்டில் பரப்பிய வைக்கோலிலும் எல்லாவற்றையும் பாதியாகச் செய்ய வேண்டும்.

இதையெல்லாம் எழுதுவது சுலபம். விரலுக்கு இது புரிய வேண்டுமே.

செண்பகம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடிக்கணக்கு எடுத்தாள். நான் கல்லுக்கு நேராகப் பிரேக் பிடிக்க ஆரம்பிப்பேன். வண்டி நிற்கும் இடம் வரை அவள் காலால் அளப்பாள். ஒரே வேகத்தில் வந்து, பின் பிரேக்கால் மட்டும் நிறுத்தியபோது இருபத்திரண்டு அடி வைத்தாள். இரண்டும் சேர்த்துப் பிடித்தபோது பதின்மூன்று. நம்பாமல் நானே இறங்கி நடந்து பார்த்தேன். ஒன்பது அடி மிச்சம். அன்று அதில் பாதி தூரம் மிஞ்சியிருந்தால்கூட இசக்கியின் சைக்கிளைத் தொட்டிருக்க மாட்டேன். அந்த இடத்தில் நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

கல்லைப் பார்த்து நிறுத்தப் பழகியதும், கல் வேண்டாம் என்றாள். ரோட்டில் கல் வைத்துவிட்டா குறுக்கே வருகிறார்கள் என்று கேட்டாள். மறுநாள் குடை கொண்டுவந்தாள். ரோட்டோரம் எங்காவது நிற்பாள். நான் வரும்போது நினைத்த நேரத்தில் குடையைப் படாரென்று விரிப்பாள். விரித்ததும் நான் நிறுத்த வேண்டும். சில முறை விரிக்கவே மாட்டாள். முதல் நாள் குடையைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டேன். ஐந்தாம் நாள் கண் குடையைப் பார்ப்பதற்குள் விரல் பிழிய ஆரம்பித்திருந்தது.

காலையில் பதநீர் விற்க அந்த வழியே போகும் ஒருவர் எங்களை நின்று பார்ப்பார். புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ தகராறு என்று ஊரில் சொல்லியிருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

பின்னால் ஒரு கனத்த மனிதர்

மேலாளர் கல்யாணசுந்தரம் நல்ல உடம்புக்காரர். அவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி ஒரு அங்குலம் இறங்கியது. நான் கம்பெனி கொடுத்த ஹெல்மெட்டை முதல் முறையாகப் போட்டுக்கொண்டு நின்றேன். பீரோ மேல் இருந்ததைச் செண்பகம்தான் தூசி தட்டிக் கொடுத்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, போருக்கா போகிறோம் என்று கேட்டார்.

அம்பாசமுத்திரம் வரை நன்றாகவே போயிற்று. டாக்டர்கள் என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். ஆனால் ரோட்டில் அவருக்கு என்மேல் திருப்தி இல்லை. ஒரு லாரியின் பின்னால் இடைவெளி விட்டுப் போனேன், முந்தச் சொன்னார். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தேன், பெருமூச்சு விட்டார். பாபநாசத்துக்கு மேலே மலைப்பாதையில் இருந்த ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு இறங்கும்போது இரண்டாம் கியரில் இறக்கினேன். இஞ்சின் முனகியது.

"எதுக்குங்க இஞ்சினைக் கத்த விடுறீங்க? அணைச்சிட்டு நியூட்ரல்ல விட்டா தானா இறங்கும். எல்லாரும் அப்படித்தானே இறங்குறாங்க?" என்றார்.

எல்லாரும் அப்படித்தான் இறங்கினார்கள். நானும் ஒரு மாதம் முன்பு வரை அப்படித்தான் இறங்கினேன். பெட்ரோல் மிச்சம் என்று பெயர். வேலை அவர் கையில் இருக்கிறது. ஒரு நிமிடம் விரல் சாவிப் பக்கம் போனது. பிறகு, கியரில் இறங்கினால் இஞ்சினே பாதி பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும், உங்களையும் வைத்துக்கொண்டு என்னால் அணைக்க முடியாது சார் என்று சொல்லிவிட்டேன். வேலை அந்த மலையிலேயே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

விக்கிரமசிங்கபுரத்தை நெருங்கும்போது சங்கு ஊதியது.

ரோட்டோரம் நிறுத்திவிட்டு, எல்லாரும் போன பிறகு போகலாம் என்று தோன்றியது. பின்னால் இருந்தவர் அடுத்த டாக்டரின் நேரத்தைச் சொல்லி அவசரப்படுத்தினார். மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு வந்தேன். இரண்டு விரல்களை முன் லீவர் மேல் சும்மா வைத்துக்கொண்டேன். கண்ணைச் சக்கரத்தில் வைக்காமல் தூரத்தில் வைத்தேன். சைக்கிள்கள் வர ஆரம்பித்தன. தலையெல்லாம் பஞ்சு, ஹாண்டிலெல்லாம் தூக்குவாளி.

அதே டீக்கடை. அதே போல ஒருவர், கூட வந்தவரிடம் ஏதோ சிரித்துச் சொல்லிக்கொண்டே, கையும் காட்டாமல் குறுக்கே திரும்பினார். சைக்கிளின் குறுக்குக் கம்பியில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். அப்பாவைக் கூட்டிப்போக வந்தவளாக இருக்கும்.

விரல்கள் என்னைக் கேட்கவில்லை. பிழிந்தன. கால் அளவாக மிதித்தது. வண்டியின் மூக்கு தாழ்ந்தது, மேலாளரின் முழு பாரமும் என் முதுகில் வந்து சாய்ந்தது, அவர் சட்டைப் பைப் பேனா என் தோளில் குத்தியது. ஹாண்டில் நேராகவே இருந்தது. நின்றோம். சைக்கிளின் பின் சக்கரத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆள் தாராளமாக நடந்து போகலாம்.

மேலாளர் டாக்டர்கள் பட்டியலைப் படித்துக்கொண்டு வந்திருக்கிறார். மூக்கில் இறங்கிய கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஏன் நின்றுவிட்டீர்கள் என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

"அப்ப போங்க. டாக்டர் கிளம்பிருவாரு."

வீட்டுக்கு வந்ததும் செண்பகம் என்ன நடந்தது என்று கேட்டாள். ஒன்றும் நடக்கவில்லை என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு எத்தனை அடி என்று கேட்டாள். அளக்க முடியவில்லை, பின்னால் மேலாளர் இருந்தார் என்றேன். இருவரும் சிரித்தோம், சிரித்துக்கொண்டே இருந்தோம். மறுநாள் காலையில் அவள் சைக்கிளை எடுக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினேன். பைய நிறுத்தினேன்.

வேலை நிரந்தரமானது. மேலாளரின் அறிக்கையில் ஒரே ஒரு குறை எழுதியிருந்தது: வண்டியை மிகவும் நிதானமாக ஓட்டுகிறார், வேகம் போதாது. செண்பகம் அந்தக் காகிதத்தைத் தன் சான்றிதழ்கள் இருக்கும் கோப்பில் வைத்துக்கொண்டாள். இன்னும் இருக்கிறது.

அடுத்த வாரம் வண்டியில் போய் இசக்கியிடம் காட்டினேன். மாவுக்கட்டு அவிழ்த்த கையால் லீவரைப் பிடித்துப் பார்த்தார், நாடி பார்ப்பதுபோல. கம்பி இழுத்துப் பிடித்தது. "ம்" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். இனிமேல் கை காட்டித் திரும்புவதாகவும் சொன்னார். காதர் பாயின் டின்னிலிருந்து வாத்தியாரின் கம்பியும் பத்திர எழுத்தரின் கம்பியும் அந்த ஆண்டே வெளியே வந்தன. மனைக்கற்களையும் குடையையும் செண்பகம் அவர்களுக்கும் இரவல் கொடுத்தாள்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அந்தச் சைக்கிள்காரர்தான். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே டீக்கடைக்குப் போனார். சைக்கிளில் முன்னால் இருந்த பெண் மட்டும் என் ஹெல்மெட்டை வேடிக்கை பார்த்தாள். அன்று இரவு அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு மனைவியிடம் ஊர்க்கதையெல்லாம் பேசியிருப்பார். என்னைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார். பேசுவதற்கு எதுவும் நடக்கவில்லை.